லேத் பட்டறையில் ஒற்றைப் பாகம் கடைந்து வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் எங்கள் பட்டறை. இரண்டு லேத், ஒரு ஷேப்பர், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மிஷின். அப்பாவும் தம்பியும் மிஷினில் நிற்பார்கள். வாசல் மேஜையில் உட்கார்ந்து வேலையை வாங்கிப்போட்டு, கணக்கு எழுதி, திட்டு வாங்குவது நான். ஒரே சந்தேகத்தை ஒரு நாளைக்கு நாலு பேர் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் வந்தவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஒரே ஒரு பீஸ்தாங்க வேணும். அதுக்கெல்லாம் செய்வீங்களா?

எங்கள் தொழிலே ஒற்றைப் பீஸ்தான். பம்ப்செட் ஷாஃப்ட், பவர் டில்லர் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுற்றுகிற குழாய்த் துண்டு), ரைஸ் மில் உருளையின் முனை, நாகப்பட்டினம் பக்கத்துப் படகின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று எல்லாமே ஒன்று, இரண்டுதான். தவிலுக்குக்கூட வருகிறார்கள். இப்போது தவிலில் வாருக்குப் பதில் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன அல்லவா, அந்த போல்ட்டில் ஒன்று திரெட் போனால் கடையில் ஒன்று மட்டும் கிடைக்காது.

ஐந்நூறு, ஆயிரம் என்று ஒரே மாதிரி வேண்டுமானால் நாங்கள் சரிப்பட மாட்டோம். திருச்சியில் துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடுகிற மிஷின்) வைத்திருப்பவர்களிடம் போங்கள், விலை படியும்.

இத்துனூண்டு பின்னுக்கு இவ்வளவு காசா?

நீங்கள் பின்னைப் பார்க்கிறீர்கள். நாங்கள் லேத்தில் பாகத்தைப் பிடிக்கிற ‘சக்’கைக் கழற்றி, அதன் ஜாவை (பிடிக்கிற பல்லை) மாற்றி, டூலைச் சாணை பிடித்து, சென்டர் பார்த்த நேரத்தைப் பார்க்கிறோம். கடைவது பத்து நிமிஷம் என்றால் கட்டுவது அரை மணி. அதே பின் இன்னும் நாலு சேர்த்துக் கேட்டால் கூலி ஐந்து மடங்காகாது, இரண்டு மடங்குதான் ஆகும். தேய்கிற பாகமாக இருந்தால் ஸ்பேராக ஒன்று சேர்த்துக் கடைந்து வைத்துக்கொள்வது லாபம்.

இரும்பு விலையை நீங்களே கணக்குப் போடலாம். உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 50 மி.மீ. கம்பி மீட்டருக்கு 15.4 கிலோ. முடிந்த பாகத்தின் எடைக்குக் கணக்குப் போடாதீர்கள், வெட்டி எடுத்த துண்டுக்குப் போடுங்கள். சுருளாகப் போனதும் நீங்கள் வாங்கிய இரும்புதான்.

வரும்போது என்ன கொண்டு வரணும்?

உடைந்த பாகம், அது எதற்குள் போகிறதோ அந்தப் பாகம், அதன் மேல் எது உட்காருகிறதோ அந்தப் பாகம். இந்த மூன்றில் இரண்டாவதைத்தான் எல்லோரும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். ஷாஃப்ட் மட்டும் வரும், பேரிங் வராது. புஷ் வரும், அது ஏறுகிற ஹவுசிங் வராது.

தேய்ந்துபோன பாகத்தை அளந்து அதே அளவில் புதிதாகக் கடைந்தால், தேய்ந்த பாகம் புதிதாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மூன்று வருஷம் முன்பு நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன். திருவாரூர் பக்கத்திலிருந்து ஒருவர் பம்ப் ஷாஃப்ட் கொண்டுவந்தார். பேரிங் உட்காருகிற இடம் 24.85 இருந்தது. நான் அப்படியே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன், தம்பியும் அப்படியே கடைந்தான். பேரிங் உள்ளே சுற்றிக்கொண்டு ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. அந்த ஷாஃப்ட் எங்கள் கணக்கில் போயிற்று. பேரிங்கையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் 25 என்று அப்போதே தெரிந்திருக்கும்.

பெரிய சாமான், தூக்கிவர முடியாது என்றால் பேரிங் மேல் இருக்கிற எண்ணையாவது எழுதி வாருங்கள். சாதாரண பால் பேரிங்கில் கடைசி இரண்டு எண் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வரும். 6205 என்றால் 25 மி.மீ., 6206 என்றால் 30. அந்த நாலு எண் ஒரு பக்கக் கதையைச் சொல்லிவிடும்.

வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா போதாதா?

செய்ய முடியுமா முடியாதா என்று சொல்லப் போதும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஐந்து ரூபாய்க் காசை வைத்து எடுக்கிறார்கள், அந்தக் காசே இப்போது மூன்று நாலு தினுசாக வருகிறது. விலையும் அளவும் போட்டோவில் சொல்ல மாட்டோம்.

எனக்கு டிராயிங் போடத் தெரியாதே?

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டு வருகிறார்கள், அதுவே போதும். பக்கவாட்டில் ஒரு படம், தலைப்பக்கத்திலிருந்து ஒரு படம். எல்லா நீளத்தையும் ஒரே முனையிலிருந்து எழுதுங்கள். துண்டு துண்டாக அளந்து எழுதினால் ஒவ்வொரு தப்பும் கூடிக்கொண்டே போகும். எந்த அளவு கறாராக வரவேண்டும், எது முன்னே பின்னே இருக்கலாம் என்று குறித்துவிடுங்கள். எல்லா அளவும் கறார் என்று சொன்னால் விலையும் கறாராகத்தான் வரும்.

நூல்ங்கிறாங்க, பாயிண்ட்ங்கிறாங்க, தவ்ங்கிறாங்க. எது என்ன?

ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3.2 மி.மீ. தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. எங்கள் பட்டறையில் பாயிண்ட் என்றால் 0.01 மி.மீ. வேறு பட்டறையில் 0.1ஐப் பாயிண்ட் என்று சொல்வதும் உண்டு, அதனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பத்து மடங்கு வித்தியாசத்தில் சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெர்னியர் வச்சு நானே அளந்துட்டேன். திரெட்டும் அளந்துட்டேன். போதும்ல?

நீளம், வெளிவிட்டத்துக்குச் சரி. பேரிங் உட்காருகிற இடத்துக்கு மைக்ரோமீட்டர் வேண்டும். சாதாரண வெர்னியர் 0.02க்குக் கீழே காட்டாது, அங்கே நமக்கு வேண்டியதோ 0.01.

திரெட் வேறு கதை. அரை இஞ்ச் பைப் திரெட்டை அளந்தால் அரை இஞ்ச் வராது, 21 மி.மீ. பக்கத்தில் வரும். பைப்புக்குள் தண்ணீர் ஓடுகிற துளையை வைத்து அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது. பழைய ஆயில் என்ஜின், பழைய பம்ப்பில் பெரும்பாலும் பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் விட்வொர்த்) திரெட் இருக்கும். அதன் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் திரெட்டுக்கு 60. அரை இஞ்ச் போல்ட்டில் விட்வொர்த்துக்கு இஞ்சுக்கு 12 புரி, அமெரிக்க யு.என்.சி.க்கு 13. மாற்றிப் போட்டால் நட்டு இரண்டு மூன்று சுற்று நல்ல பிள்ளையாக ஏறும், அப்புறம் இறுகும். ‘புதுசு, அப்படித்தான் டைட்டா இருக்கும்’ என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் இரண்டும் போச்சு. நட்டையே கொண்டுவாருங்கள், புரியை அளக்கிற பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

என்ன இரும்புல செய்யணும்?

‘நல்ல இரும்பா போடுங்க’ என்பார்கள். எதற்கு நல்லது என்பதுதான் கேள்வி. சும்மா தாங்கி நிற்கிற பாகத்துக்கு எம்.எஸ். (சாதா இரும்பு) போதும். சுற்றுகிற ஷாஃப்ட்டுக்கு இ.என்.8. முறுக்கும் அதிர்ச்சியும் அதிகமான இடத்துக்கு இ.என்.24. அது விலை கூட, கடையவும் நேரமாகும். கடல் தண்ணீர் படுகிற இடத்துக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 போட்டு ஏமாறாதீர்கள், 316 கேளுங்கள். சாவியை (ஷாஃப்ட்டையும் சக்கரத்தையும் பூட்டுகிற சின்னக் கட்டையை) மட்டும் ஷாஃப்ட்டைவிட மென்மையான இரும்பில்தான் போடுவோம். களிமண்ணில் ரோட்டவேட்டர் சிக்கினால் முதலில் அறுந்துபோக வேண்டியது ஐம்பது ரூபாய்ச் சாவிதானே தவிர, கியர்பாக்ஸ் அல்ல.

புஷ்ஷுக்குக் கன்மெட்டல். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்பது அதன் பழைய கலவை. பீரங்கி வார்த்த உலோகம் என்பதால்தான் அந்தப் பெயர். ஆனால் நம் ஊர்ப் பீரங்கி அதில் செய்ததல்ல. கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கிறதே, நாயக்கர் காலத்து இராசகோபால பீரங்கி, அது இரும்பு. வார்த்ததும் அல்ல, கடைந்ததும் அல்ல. நீளப் பட்டைகளைக் குழாயாக அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி ஏற்றி அடித்து இணைத்தது. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அப்பா அந்தப் பக்கம் போனால் இன்னமும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

நீங்க குடுத்த கன்மெட்டல் புஷ் ஷாஃப்ட்ல நல்லா ஓடிச்சு. ஹவுசிங்ல அடிச்சதும் இறுகிப்போச்சு. அளவு தப்பா?

அளவு சரிதான். ஹவுசிங்குக்குள் இறுக்கி ஏற்றும்போது புஷ்ஷின் உள்துளை சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகுதான் உள்ளே கடைசி அளவு எடுக்க வேண்டும். ஹவுசிங்கைக் கொண்டுவரச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஓரிஞ்ச் விட்டத்துக்கு ஒரு தவ் இடைவெளி என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அதுகூட இல்லையென்றால் எண்ணெய் எங்கே நிற்கும்?

பேரிங் சீட் லூசா இருக்கு. பஞ்ச் அடிச்சுக் குடுங்களேன், போதும்.

பஞ்ச் அடித்த புள்ளிகளின் நுனியில் மட்டும் பேரிங் நிற்கும். பத்து நாளில் நுனி தேயும், மறுபடி லூசாகும். நாற்று காய்கிறது, இன்று இரவே மோட்டார் ஓட வேண்டும் என்றால் அடித்துத் தருவேன், அறுவடை முடிந்ததும் கொண்டுவாருங்கள் என்று சொல்லித்தான்.

முறையாகச் செய்தால் இரண்டு வழி. அந்த இடத்தைச் சிறிதாக்கி ஸ்லீவ் (மேலே போடுகிற குழாய் உறை) ஏற்றிக் கடைவது ஒன்று, வெல்டிங் வைத்து மேடாக்கிக் கடைவது இன்னொன்று. வெல்டிங்கில் ஷாஃப்ட் கோணும், இ.என்.24 மாதிரி இரும்பில் சூடு காட்டாமல் வைத்தால் வெடிப்பும் விடும். நீளமான மெல்லிய ஷாஃப்ட் என்றால் புதிதாகவே கடைந்துகொள்ளுங்கள்.

பல்சக்கரம் ஒண்ணு பல்லு போயிருச்சு. மாதிரி பாதிதான் இருக்கு.

பாதி போதும். பல்லை எண்ண முடிந்து, வெளிவிட்டம் தெரிந்தால் மாடுல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) கண்டுபிடித்துவிடலாம். வெளிவிட்டத்தைப் பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுக்க வேண்டும். 20 பல், 44 மி.மீ. என்றால் 44ஐ 22ஆல் வகுத்து 2. விடை 2.54, 3.17 என்று விநோதமாக வந்தால் அது இஞ்சுக் கணக்கில் வெட்டிய பழைய சக்கரம், கட்டர் வேறு. ஜோடிச் சக்கரத்தையும் கொண்டுவாருங்கள். ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

எப்பங்க தருவீங்க?

ஆடி, ஆவணியில் கேட்டால் நாளை மறுநாள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பார்கள் என்று பேச்சு அடிபடும்போது கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்தில் அறுவடை மிஷின்காரர் வாசலிலேயே படுத்திருப்பார், அவருக்குத்தான் முதலில்.

எதுக்குன்னு ஏன் கேக்குறீங்க? அளவு குடுத்தா கடைஞ்சு குடுக்க வேண்டியதுதானே?

இதுவரை படித்திருந்தால் பாதிப் பதில் கிடைத்திருக்கும். எங்கே போகிறது என்று தெரியாமல் எந்த இரும்பு, எவ்வளவு இடைவெளி, எந்த மூலையில் ரேடியஸ் விடுவது என்று எதையும் முடிவு செய்ய முடியாது. மூலையைக் கூராக விட்டால் ஷாஃப்ட் அங்கேதான் உடையும். சுற்றுவதா, சும்மா இருப்பதா, சூடாகுமா, அழுத்தம் தாங்க வேண்டுமா என்பது எங்களுக்கு வேண்டும்.

மீதிப் பாதி அடுத்த கேள்வியில்.

யூடியூப்ல பார்த்து ஒரு துப்பாக்கி பண்றேண்ணே. ஹாபிதான். நாலஞ்சு பாகம் கடைஞ்சு தர்றீங்களா?

மாட்டோம் தம்பி. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் கெட்ட பிள்ளைகள் இல்லை, படித்த பையன்கள், கையில் வேலை இருக்கிறவர்கள். அவர்கள் பார்ப்பது அமெரிக்க வீடியோ. அங்கே சொந்த உபயோகத்துக்கு ஒருவர் தானே துப்பாக்கி செய்துகொள்ளப் பொதுவாக மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தச் சட்டம் வல்லத்தில் செல்லாது.

இங்கே 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019இல் தண்டனையைக் கூட்டினார்கள். இப்போது குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரை போகலாம். ஹாபியா விற்கவா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை.

முழுசா வேணாம். ஒவ்வொரு பாகமா வேற வேற பட்டறையில குடுத்தா?

‘ஆயுதம்’ என்பதற்கு அந்தச் சட்டம் சொல்லும் விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும், அதைச் செய்கிற இயந்திரமும் அடங்கும். அதாவது கடைந்தவரும் மாட்டுவார், அவருடைய லேத்தும் மாட்டும். மோட்டார் சைக்கிள் பாகம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால், விஷயம் தெரியாமலே ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு பதில் சொல்லும் எனக்கு இதில் மட்டும் கோபம் வரும்.

இப்படித்தான் ஒரு பையன் படத்தை மட்டும் நீட்டினான். எந்த வண்டி என்று அப்பா கேட்டார், பதில் இல்லை. எந்தப் பக்கம் எது உட்காரும் என்று கேட்டார், அதற்கும் இல்லை. தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். ஜோடியைக் காட்ட முடியாத வேலை எங்களுக்கு வேண்டாம்.

திருச்சியில துப்பாக்கி ஃபேக்டரியே இருக்கே. அப்ப லைசன்ஸ் வாங்கி நாமளும் பண்ணலாம்ல?

1966இல் தொடங்கிய அரசு படைக்கலத் தொழிற்சாலை அது. அங்கே ராணுவத்துக்குச் செய்கிறார்கள். தனியார் தயாரிப்புக்கும் லைசன்ஸ் உண்டுதான், ஆனால் கம்பெனி, இடம், பாதுகாப்பு ஏற்பாடு என்று போகிற விஷயம் அது, மாடியில் ஒரு வைஸ் வைத்திருக்கிறவருக்கு ஆனது அல்ல. சுடுவதில் ஆசை என்றால் திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. கடைவதில் ஆசை என்றால் சின்ன நீராவி என்ஜின் ஒன்று செய்யுங்கள். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், வால்வு என்று எல்லா வேலையும் அதில் இருக்கிறது, துப்பாக்கியைவிடக் கஷ்டமும்கூட. அதற்கு என்றால் தம்பி ஞாயிற்றுக்கிழமைகூட மிஷினைப் போடுவான்.

தாத்தா காலத்து ரெட்டைக் குழல். லைசன்ஸ் பக்காவா இருக்கு. ஒரு பின் மட்டும் உடைஞ்சிருக்கு.

உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ள லைசன்ஸ். பழுது பார்ப்பதற்குத் தனி லைசன்ஸ் வேண்டும், அதுவும் 5ஆம் பிரிவில்தான் வருகிறது. எங்களிடம் அது இல்லை. லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையில், உங்கள் லைசன்ஸ் புத்தகத்தோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஏர்கன்னுக்கு லைசன்ஸே வேணாமாமே. அதுக்குச் செய்யலாம்ல?

2016ஆம் வருஷத்து விதிப்படி குழல் துளை .177 இஞ்சுக்குள், குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் வைத்திருக்க லைசன்ஸ் தேவையில்லை. வருகிறவர்கள் கேட்பதோ அதைத் தாண்டுகிற மாதிரி ஏதாவது. தாண்டினால் மேலே சொன்ன கதைதான். வாஷர், ஸ்பிரிங் போயிருந்தால் வாங்கின கடையில் கேளுங்கள். அப்புறம் வயலில் கொக்கு, மடையானைச் சுடத்தான் என்றால், அது 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் தனிக் குற்றம்.

கோயில் திருவிழா அதிர்வேட்டுக்குக் குழாய்? நாடகத்துக்கு டம்மித் துப்பாக்கி?

வேட்டுக் குழாய் செய்வதில்லை. மருந்துக்கு வெடிபொருள் லைசன்ஸ் இருக்கிறவர்கள் குழாயையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இல்லாதவர்களுக்குக் குழாய் எதற்கு? பன்றி விரட்ட, மயில் விரட்ட என்று கேட்கிற கார்பைடு குழாய்க்கும் இதே பதில். கண் போனவர்கள் உண்டு.

நாடகத்துக்கு மரத்தில் செய்துகொள்ளுங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரமே கடைகிறார்கள், உங்கள் இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கு ஒரு மரத் துப்பாக்கி பெரிய காரியமில்லை. இரும்பில் டம்மி கேட்காதீர்கள். பொம்மையை நிஜமாக்குவதும் சட்டப்படி குற்றம், அதற்கு முதல் படியாக நாங்கள் இருக்க விரும்பவில்லை.

நீங்க செஞ்ச பாகம் ஒரு வாரத்துல போயிருச்சுன்னா யாரு பொறுப்பு?

உடைந்ததை அப்படியே கொண்டுவாருங்கள், துடைக்காமல். நீங்கள் கொடுத்த அளவிலேயே தப்பு என்றால் இரும்பு விலையும் கூலியும் மறுபடி. நாங்கள் அளந்ததில் தப்பு என்றால் இரண்டும் எங்களுடையது, மேலே சொன்ன 24.85 மாதிரி. அளவு சரி, ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் அது ஓடவில்லை, வேறெங்கோ மாட்டியிருக்கிறீர்கள் என்றால் தேய்ந்த தழும்பே சொல்லிவிடும். அப்பா அதை லேத் விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை டீ சொல்கிறேன், உட்காருங்கள்.